இந்தக் கேபிள் எதற்கு?

நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பந்தலூர் வட்டத்தில், வயநாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சேரங்கோடு. தேயிலைத் தோட்டங்களும் செங்குத்தான சரிவுகளும் நிறைந்த பகுதி. தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் இந்த வட்டாரத்தில் மரம் சாய்வதும், மண் சரிந்து சாலை அடைபடுவதும், மின்சாரம் நின்றுபோவதும் புதிய செய்திகள் அல்ல. மின்சாரம் நெடுநேரம் வராவிட்டால் செல்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பொழுது விடியுமுன், இதே மலைத்தொடரில் சற்று மேற்கே, வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்த நாட்களில் கல்பற்றாவிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமெச்சூர் வானொலி அன்பர்கள் நிலையம் அமைத்து, மீட்புப் பணிக்கான செய்திகளை அனுப்பவும் பெறவும் உதவினார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினரும் இத்தகைய தொண்டே செய்தார்கள்.

‘ஹாம்’ என்று அழைக்கப்படும் இந்த அமெச்சூர் வானொலி அன்பர்கள், தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் பெற்று நிலையம் நடத்துபவர்கள். கருவியைக் கடையில் வாங்கினாலும், ஏரியலையும் அதற்குச் செல்லும் கேபிளையும் பெரும்பாலும் தாமே செய்துகொள்வார்கள். இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. செய்தவர் வெளியூர் போயிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். அவர் விட்டுச்சென்ற பெட்டியைத் திறந்தால் உள்ளே விந்தையான கேபிள்கள் கிடக்கும். ஒன்று குழாயில் சுற்றப்பட்டிருக்கும். ஒன்றில் வால் தொங்கும். ஒன்றின் நடுவே தகரப்பெட்டி ஒட்டியிருக்கும். எந்தக் கேபிள் எதற்கு என்று எழுதி வைத்திருக்க மாட்டார்.

எடுத்தவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார். “இது ஷார்ட் ஆகிவிட்டது” என்று ஒன்றைக் குப்பையில் எறிகிறார். “இதில் தொடர்பே இல்லை” என்று இன்னொன்றை வெட்டுகிறார். அவர் எறிந்தது பழுதான கேபிள்தானா? பெரும்பாலும் இல்லை. மல்டிமீட்டர் நேர்மின்னோட்டத்தைக் கொண்டு அளக்கும் கருவி. வானொலி அலைக்கு அதே கேபிள் முற்றிலும் வேறுவிதமாகத் தோற்றமளிக்கும். ஆகவே மல்டிமீட்டர் சொல்வதோடு நின்றுவிடாமல், அளவு நாடாவையும் கையில் எடுக்க வேண்டும். கேபிளின் நீளத்தை அளந்தாலே அது செய்யப்பட்ட நோக்கம் பல வேளைகளில் வெளிப்பட்டுவிடும். எவ்வாறு என்று காண்போம்.

கேபிளைப் பற்றிச் சில செய்திகள்

வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரும் கேபிளை வெட்டிப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு செம்புக்கம்பி. அதைச் சுற்றி வெண்மையான பிளாஸ்டிக் காப்பு. அதன்மேல் கம்பியால் பின்னிய உறை. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புத் தோல். ஹாம் அன்பர்களின் கேபிளும் இத்தகையதே. ஆனால் தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம் வகை. ஹாம்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 50 ஓம் வகை.

இந்த 50 ஓம் என்பதை மல்டிமீட்டரால் காண இயலாது. நல்ல கேபிளின் நடுக்கம்பிக்கும் உறைக்கும் இடையே அளந்தால், முள் அசையவே அசையாது. 50 ஓம் என்பது கேபிளில் ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம். அதைச் சிறப்பு மின்மறுப்பு என்பர். நடுக்கம்பியின் தடிமன், உறையின் விட்டம், இடையிலுள்ள காப்புப் பொருள் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. கேபிள் 1 மீட்டர் இருந்தாலும் 100 மீட்டர் இருந்தாலும் இந்த அளவு மாறாது.

இன்னொரு செய்தியும் முக்கியம். வெற்றிடத்தில் வானொலி அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கெட்டியான பாலிதீன் காப்புள்ள கேபிளில் அதன் வேகம் சுமார் 66 விழுக்காடாகக் குறைந்துவிடும். எனவே அலைநீளமும் அதே விகிதத்தில் குறுகும். இதிலிருந்து ஓர் எளிய கணக்குக் கிடைக்கிறது. 49.5 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால், அத்தகைய கேபிளில் கால் அலைநீளம் எத்தனை மீட்டர் என்று வரும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 34 சென்டிமீட்டர்; 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 7 மீட்டர். கணக்கைத் திருப்பியும் போடலாம். 49.5ஐக் கேபிளின் நீளத்தால் வகுத்தால் அதிர்வெண் வந்துவிடும். நுரை போன்ற காப்புள்ள கேபிளில் அலையின் வேகம் 80 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும், அப்போது 49.5க்குப் பதிலாக 60க்கு மேற்பட்ட எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தப் பெட்டியில் இருக்கக்கூடிய கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

குழாயில் சுற்றிய கேபிள்

முதலாவது, பிளாஸ்டிக் குழாயில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டப்பட்ட கேபிள். சுற்றுவதற்குப் பதிலாகக் கேபிளின்மேல் கறுப்பு வளையங்களை வரிசையாகக் கோத்திருப்பதும் உண்டு. மல்டிமீட்டரில் இது சாதாரணக் கேபிளைப் போலவே காட்டும். மீதமான நீளத்தைச் சுற்றி வைத்திருக்கிறார் என்று நினைத்துப் பிரித்துவிடக்கூடாது.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில் மட்டுமே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் அது செம்பினுள் இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆகவே பின்னல் உறையின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு தனித்தனிப் பாதைகள் ஆகிவிடுகின்றன. நமக்கு வேண்டிய மின்னோட்டம் நடுக்கம்பியிலும் உறையின் உட்பக்கத்திலும் எதிரெதிராக ஓடுகிறது. வெளிப்பக்கத்தில் ஓடுவது வேண்டாத மின்னோட்டம். அதனால் கேபிளே ஏரியலாகிச் செய்தியைக் கண்ட இடத்தில் சிந்தும். பெறும்போது வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், செல்பேசி மின்னேற்றி ஆகியவற்றின் இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும்.

கேபிளைச் சுருளாக்கினால் என்ன ஆகிறது? உள்ளே ஓடும் இரண்டு மின்னோட்டங்களும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அவற்றுக்குச் சுருள் இருப்பதே தெரியாது. வெளிப்பக்க மின்னோட்டத்துக்கு இத்தகைய துணை இல்லை. அதன் வழியில் சுருள் ஒரு பெரிய மின்தூண்டியாக நின்று தடுக்கிறது. கறுப்பு வளையங்கள் ஃபெரைட் என்னும் காந்தப்பொருளால் ஆனவை. அவையும் இதே வேலையைச் செய்கின்றன. கணினிக் கேபிள்கள் சிலவற்றின் நுனியில் காணப்படும் உருண்டையான புடைப்பு இத்தகைய வளையமே.

மலைப்பகுதியில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. 145 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குன்று குறுக்கிட்டால் அடுத்த பள்ளத்தாக்கை எட்டுவது கடினம். ஆகவே 7 மெகாஹெர்ட்ஸ் ஏரியலைத் தரைக்குச் சில மீட்டர் உயரத்திலேயே கிடையாகக் கட்டுவார்கள். அலை மேல்நோக்கிச் சென்று, அயனிமண்டலத்தில் பட்டு, மழைபோல் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். இவ்வாறு மலைகளைத் தாண்டி வரும் மெல்லிய குரல் இரைச்சலில் அமுங்காமல் காதில் விழ இந்தச் சுருள் பெரிதும் உதவும்.

வால் முளைத்த கேபிள்கள்

அடுத்து இரண்டு கேபிள்கள். இரண்டிலும் ‘டி’ வடிவ இணைப்பான் வழியாக ஒரு கேபிள் துண்டு வால்போல் தொங்குகிறது. முதல் வாலின் நீளம் 34 சென்டிமீட்டர்; அதன் நுனியில் நடுக்கம்பியும் உறையும் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டுள்ளன. இரண்டாவது வாலின் நீளம் 49.25 சென்டிமீட்டர். அதன் நுனி சும்மா திறந்திருக்கிறது.

மல்டிமீட்டரைக் கேட்டால், முதலாவது ஷார்ட் என்று சொல்லும். இரண்டாவதில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லும். உண்மை என்ன?

துணி உலர்த்தும் கொடிக்கயிற்றின் ஒரு நுனியைச் சுவரில் கட்டி, மறு நுனியை மேல்நோக்கி ஓர் உதறு உதறிப் பாருங்கள். மேடாகச் செல்லும் அலை, சுவரில் மோதிப் பள்ளமாகத் திரும்பி வரும். கயிற்றின் நுனி சுவரில் கட்டப்படாமல் தாராளமாக அசையக்கூடியதாக இருந்தால், மேடு மேடாகவே திரும்பும். ஷார்ட் செய்யப்பட்ட கேபிள் நுனி, சுவரில் கட்டிய கயிற்றைப் போன்றது. அங்கே மின்னழுத்தம் அசைய முடியாது. அலை தலைகீழாகத் திரும்பும். திறந்த நுனியிலோ அலை அப்படியே திரும்பும்.

இப்போது வால் கால் அலைநீளம் என்று கொள்வோம். அலை போய்த் திரும்ப அரை அலைநீளம் ஆகிறது. அதாவது அரைச் சுற்றுத் தாமதம். நுனி ஷார்ட் ஆகியிருந்தால், தலைகீழானதால் இன்னும் ஓர் அரைச் சுற்று. மொத்தம் ஒரு முழுச் சுற்று. ஆகவே திரும்பி வரும் அலை, புதிதாக வரும் அலையோடு கைகோத்து நிற்கிறது. அந்த அதிர்வெண்ணுக்கு வால் இல்லாதது போலவே ஆகிவிடும். நேர்மின்னோட்டத்துக்கு ஷார்ட்டாக இருக்கும் வால், தன் அதிர்வெண்ணுக்கு முழுத் திறப்பு!

49.5ஐ 0.34ஆல் வகுத்தால் 145.6 வருகிறது. இந்தியாவில் அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்குள் இது அடங்குகிறது. ஆக இந்தக் கேபிள் அந்த அலைவரிசைக்காகவே செய்யப்பட்டது என்பது தெளிவு. பயன் என்ன? இரு மடங்கு அதிர்வெண்ணில் இதே வால் அரை அலைநீளம் ஆகிறது. அங்கே அலை போய்த் திரும்ப ஒரு முழுச் சுற்று. தலைகீழானதால் அரைச் சுற்று. இரண்டும் எதிரெதிராகி அழிந்துபோகும். கருவியிலிருந்து வேண்டாமல் கசியும் 290 மெகாஹெர்ட்ஸ் அலையை இந்த வால் விழுங்கி, பிறருக்குத் தொல்லை நேராமல் காக்கிறது. காற்றாலும் மழையாலும் ஏரியலில் சேரும் நிலைமின்னும் இதன் வழியே வடிந்துவிடும்.

திறந்த நுனியுள்ள இரண்டாவது வால் இதற்கு நேர்மாறானது. போய்த் திரும்ப அரைச் சுற்று மட்டுமே, தலைகீழாவது இல்லை. எனவே திரும்பும் அலை வரும் அலையை அழிக்கிறது. மல்டிமீட்டருக்குக் குறையில்லாத இந்த வால், தன் அதிர்வெண்ணுக்கு முழு ஷார்ட்! 49.5ஐ 0.4925ஆல் வகுத்தால் 100.5 மெகாஹெர்ட்ஸ். கொடைக்கானல் பண்பலை வானொலியின் அதிர்வெண் அதுதானே! வலுவான பண்பலை நிலையம் ஒன்று பெறுகருவியைத் திணறடிக்காமல் இருக்கச் செய்த பொறி இது. வாலைச் சில சென்டிமீட்டர் வெட்டிவிட்டால் பொறி வேறு அதிர்வெண்ணுக்கு நகர்ந்துவிடும்.

இரு வகைக் கேபிளை இணைத்தது

நான்காவது கேபிளைப் பாருங்கள். ஹாம்கள் பயன்படுத்தும் 50 ஓம் கேபிளின் ஏரியல் முனையில், மூன்றரை மீட்டர் தொலைக்காட்சிக் கேபிள் ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது. போதிய கேபிள் இல்லாமல் கிடைத்ததைக் கொண்டு ஒட்டியிருக்கிறார் என்றே தோன்றும். ஒட்டின் நீளத்தை அளந்தால் 3.51 மீட்டர். காப்பு கெட்டிப் பாலிதீனாக இருந்தால், 14.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது சரியாகக் கால் அலைநீளம். இது தற்செயலாக அமைவது அரிது.

கால் அலைநீளக் கேபிள் ஒரு மின்மாற்றியைப் போல் வேலை செய்யும். அதன் சிறப்பு மின்மறுப்பை அதனாலேயே பெருக்கி, மறுமுனையில் உள்ள மின்மறுப்பால் வகுத்தால், இந்த முனையில் தோன்றும் மின்மறுப்பு வரும். கம்பியை ஒரு முழு அலைநீளத்துக்கு வளையமாகக் கட்டிய ஏரியலின் மின்மறுப்பு 100 ஓமுக்கு அருகில் இருக்கும். 75ஐ 75ஆல் பெருக்கினால் 5,625. அதை 100ஆல் வகுத்தால் 56. கருவி கேட்பது 50; கிடைப்பது 56. போதுமான பொருத்தம்தான். ஆகவே பெட்டிக்கு அருகிலோ பரணிலோ பெரிய வளைய ஏரியலின் கம்பி கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

தகரப்பெட்டி ஒட்டிய கேபிள்

ஐந்தாவது கேபிளின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு தகரப்பெட்டி. மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் உறைக்கும் இடையே ஏறத்தாழ 51 ஓம். இரு முனைகளின் நடுக்கம்பிகளுக்கு இடையே ஏறத்தாழ 82 ஓம். இங்கே மல்டிமீட்டர் உண்மையாகவே உதவுகிறது. 50 ஓமுக்கு அருகில் காட்டினால் உள்ளே மின்தடைகள் இருக்கின்றன என்று பொருள். வெறும் கேபிள் அப்படிக் காட்டாது. நடுவில் 240 ஓம், இருபுறமும் உறைக்கு 62 ஓம் என மூன்று மின்தடைகளைக் கட்டினால் இந்த அளவுகளே வரும். இந்த அமைப்பு அலையின் திறனை ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகக் குறைக்கும்.

கிடைத்த சைகையை ஏன் குறைக்க வேண்டும்? ஒளித்து வைத்த ஒலிபரப்பியைத் திசை பார்த்துத் தேடும் பயிற்சி ஹாம்களிடையே உண்டு. அருகே நெருங்க நெருங்கச் சைகை மிகுந்து, எப்பக்கம் திருப்பினாலும் கருவி ஒரே அளவு காட்டும். அப்போது இந்தக் கேபிளை இடையில் சேர்த்தால் திசை மீண்டும் தெளிவாகும். இது பெறுவதற்கு மட்டுமே உரியது. கால் வாட் மின்தடைகள் உள்ள இந்தக் கேபிள் வழியாக 25 வாட் செலுத்தினால் மின்தடைகள் கருகும். கருவிக்கும் கேடு வரலாம்.

சில பெட்டிகளில் நடுக்கம்பியே துண்டிக்கப்பட்டு, இடையே மின்தேக்கி வைக்கப்பட்டிருக்கும். மல்டிமீட்டர் தொடர்பில்லை என்று சொல்லும். வானொலி அலைக்கு வழிவிட்டு, நேர்மின்னோட்டத்தை மட்டும் நிறுத்துவதே அதன் நோக்கம். ஏரியல் அருகில் உள்ள பெருக்கிக்கு இதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும்போது, அந்த மின்சாரம் பெறுகருவிக்குள் நுழையாமல் இது காக்கிறது.

ஒரே நீளத்தில் இரண்டு கேபிள்கள்

கடைசியாக, சரியாக ஒரே நீளத்தில் வெட்டி, சேர்த்துக் கட்டிய இரண்டு கேபிள்கள். ஓர் ஏரியல் அருகிலும் மற்றது தொலைவிலும் இருந்தால், அருகிலுள்ளதன் மிச்சக் கேபிள் சுருட்டிக் கிடக்கும். அதைச் சுருக்க எண்ணக்கூடாது. இரண்டு ஏரியல்களின் அலைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் ஒன்றையொன்று வலுப்படுத்தும்.

இதன் மிகப் பெரிய உருவத்தைக் காண நீலகிரியைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. உதகமண்டலத்துக்கு அருகில் முத்தொரையில், பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த வானொலித் தொலைநோக்கி 1970 முதல் இயங்கிவருகிறது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். நிலநடுக்கோட்டிலிருந்து அவ்விடத்தின் அட்சரேகை எவ்வளவோ, அதே 11 பாகைச் சரிவுள்ள மலையில் அதைக் கிடத்தியிருப்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அதன் குவியத்தில் 1,056 இருமுனை ஏரியல்கள் வரிசையாக நிற்கின்றன. அவை 326.5 மெகாஹெர்ட்ஸில் பிடிக்கும் சைகைகளைப் படி ஒழுங்கோடு கூட்டினால்தான் வானத்தின் ஒரு புள்ளி தெளிவாகும்.

அந்த அதிர்வெண்ணில் பாலிதீன் கேபிள் ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். கேபிளுக்குள் ஒரு முழு அலையின் நீளம் சுமார் 61 சென்டிமீட்டர். கேபிளில் 1 சென்டிமீட்டர் வேறுபட்டால் அலையின் படி ஏறத்தாழ 6 பாகை பிசகும். 30 சென்டிமீட்டர் வேறுபட்டாலோ இரண்டு சைகைகள் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். பரணில் கிடக்கும் இரட்டைக் கேபிளும் மலைமேல் நிற்கும் தொலைநோக்கியும் இந்த ஒரே விதிக்கு உட்பட்டவை.

கண்டறியும் முறை

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு முறையை வகுத்துக்கொள்ளலாம்.

முதலில் கண்ணால் பாருங்கள். சுற்று, வளையம், வால், ஒட்டு, பெட்டி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளின் தோலில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். 50 ஓமா, 75 ஓமா என்பது அதிலிருந்து தெரியும்.

இரண்டாவதாக மல்டிமீட்டரால் அளந்து எழுதுங்கள். ஷார்ட்டா, திறப்பா, இடைப்பட்ட ஓமா? அதுவே முடிவான தீர்ப்பு என்று கொள்ளாதீர்கள்.

மூன்றாவதாக நாடாவால் அளந்து, கணக்கிடுங்கள். வரும் அதிர்வெண் 7, 14, 145 போன்ற அமெச்சூர் அலைவரிசையிலோ அறிந்த வானொலி நிலையத்திலோ விழுந்தால், அந்த நீளம் வேண்டுமென்றே வெட்டப்பட்டது. எந்த அலைவரிசையிலும் சேராமல், மல்டிமீட்டரில் மட்டும் ஷார்ட் காட்டினால், அப்போது பழுது என்று ஐயுறலாம். இணைப்பானில் நீர் புகுந்து பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மலைப்பகுதி ஈரத்தில் இது அடிக்கடி நேர்வது. கேபிளின் இயல்பை அதிர்வெண்வாரியாக வரைந்து காட்டும் கையடக்கக் கருவிகள் இன்று குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு உங்கள் முடிவைச் சரிபார்க்கலாம்.

நோக்கம் தெளிவாகும்வரை எந்தக் கேபிளையும் ஒலிபரப்பியோடு இணைக்காதீர்கள். இணைத்த பிறகும் மிகக் குறைந்த திறனில் தொடங்குங்கள். ஒலிபரப்ப உரிமம் கட்டாயம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இடி மின்னல் வேளையில் ஏரியல் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள். நிலைமின்னை வடிக்கும் வால் மின்னலைத் தாங்காது.

இந்த முறையை இன்றே பழகிப் பார்க்க விரும்பினால், மொட்டைமாடியில் கைவிடப்பட்ட பழைய தொலைக்காட்சி ஏரியலின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிலவற்றில் கேபிள் துண்டு ஒன்று ‘யு’ வடிவில் வளைந்திருக்கும். அது அரை அலைநீளம். 300 ஓம் ஏரியலை 75 ஓம் கேபிளோடு பொருத்துவது அதன் வேலை. அதை அளந்து, பாதியாக்கி, 49.5ஐ அதனால் வகுத்தால், அந்த ஏரியல் எந்த அலைவரிசைக்கென்று செய்யப்பட்டது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கேபிள் செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்து முடித்ததும் ஒரு சிறு அட்டையில் எந்த அதிர்வெண்ணுக்கு, எந்த வகைக் கேபிள், எவ்வளவு நீளம், ஒலிபரப்பவும் ஆகுமா அல்லது பெற மட்டுமா என்ற நான்கையும் எழுதி, நீர் படாதபடி ஒட்டிக் கட்டிவிடுங்கள். மழை கொட்டும் ஓர் இரவில், கோபுரங்கள் ஓய்ந்த வேளையில், அந்தப் பெட்டியைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம். உட்கார்ந்து கணக்குப் போட அவருக்கு நேரம் இருக்காது.